வண்டிக்குப் பணம் உண்டு; வினாவுக்கு இல்லையா?

ஒரு நாட்டின் மருத்துவ வளர்ச்சியை அதன் வைத்தியசாலைக் கட்டடங்களைக் கொண்டு அளவிடும் வழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. எத்தனை கட்டில்கள், எத்தனை சத்திரசிகிச்சைக் கூடங்கள், எத்தனை விசேட வைத்திய நிபுணர்கள் என்று கணக்கெடுக்கின்றோம். அக்கணக்கு உயர்ந்தால் மகிழ்கின்றோம். ஆனால் மனிதன் நோயுற்று விழும் இடம் வைத்தியசாலை அன்று. அவன் வயலில் விழுகின்றான்; வீதியில் விழுகின்றான்; தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலிலும் மீன்பிடி வள்ளத்திலும் பஸ் வண்டியிலும் விழுகின்றான். விழுந்த இடத்திற்கும் வைத்தியசாலை வாயிலுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு பொழுதே பல வேளைகளில் அவனது வாழ்வையும் சாவையும் தீர்மானித்து விடுகின்றது. அப்பொழுதில் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதை ஆராயும் துறையே வைத்தியசாலைக்கு முந்திய அவசர சிகிச்சைத் துறையாகும். இத்துறையில் முதலடி எடுத்துவைக்கும் இளம் ஆய்வாளருக்குப் பொதுப்பணத்திலிருந்து நிதி ஒதுக்கப்படல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆய்வு என்பது செல்வந்த நாடுகளின் ஆடம்பரம் என்று கருதுவோருக்கு எதிராகவே இவ்வாதத்தை முன்வைக்கின்றோம்.

முதலில், அடைந்ததை அடைந்தது என ஒப்புக்கொள்வோம். 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டிச் சேவை தொடங்கப்பெற்றது. இதற்கென இந்திய அரசு ஏறத்தாழ 75 இலட்சம் அமெரிக்க டொலரை நன்கொடையாக வழங்கிற்று. 2018ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் இச்சேவைக்கு ஒரு சட்டரீதியான மன்றத்தை உருவாக்கியது. அதே ஆண்டு ஜூலை 21ஆந் திகதி, இந்தியாவின் மேலும் ஏறத்தாழ 150 இலட்சம் டொலர் உதவியுடன், நாடு தழுவிய விரிவாக்கம் யாழ்ப்பாணத்தில் ஆரம்பித்து வைக்கப்பட்டது. அதன் பின்னர் ஒன்பது மாகாணங்களிலும் ஏறக்குறைய முந்நூறு வண்டிகள் ஓடலாயின. ஏழை, பணக்காரன் என்ற பேதமின்றித் தொலைபேசியில் நான்கு இலக்கங்களை அழுத்தும் எவருக்கும் கட்டணமின்றி வண்டி வருகின்றது. முச்சக்கரவண்டியின் பின்னிருக்கையிலே குருதி வழியக் கிடத்தி வைத்தியசாலைக்கு ஓடிய ஒரு சமுதாயத்திற்கு இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை.

ஆயினும் வண்டியோடு வந்திருக்கவேண்டிய மற்றொன்று வரவில்லை. ஒவ்வோர் அழைப்பும் ஒரு பதிவை விட்டுச் செல்கின்றது. அழைத்த நேரம், வண்டி சேர்ந்த நேரம், நோயாளியின் நிலை, கொடுத்த சிகிச்சை, ஒப்படைத்த வைத்தியசாலை ஆகிய யாவும் அதில் அடங்கும். இப்பதிவுகள் ஆண்டுதோறும் மலைபோல் குவிகின்றன. அவ்வாறு ஒப்படைக்கப்பட்ட நோயாளி பின்னர் பிழைத்தாரா, ஊனமுற்றாரா, இறந்தாரா என்பதை அப்பதிவோடு இணைத்து ஆராய்பவர் எத்தனை பேர்? ஓரிரு ஆய்வுக்கட்டுரைகள் வெளிவராமல் இல்லை. ஆனால் அவை தனிப்பட்ட சிலரின் ஆர்வத்தினால் முளைத்தவை. ஒரு துறையாக வளர்வதற்கு வேண்டிய நீர் அவற்றுக்கு ஊற்றப்படவில்லை. வண்டிக்கு எரிபொருள் வேண்டும் என்பதை விளங்கிக்கொள்ளும் திறைசேரி, அவ்வண்டியினுள் நடைபெறும் சிகிச்சை பயன்தருகின்றதா என்று வினவுவதற்கும் ஒரு செலவு உண்டு என்பதை விளங்கிக்கொள்ளவில்லை.

நல்லெண்ணம் கொல்லும்

‘அவசர வேளையில் ஆராய்ச்சி எதற்கு? கையிலிருப்பதைக் கொண்டு உயிரைக் காப்பாற்ற வேண்டியதுதானே!’ என்பது நாம் அடிக்கடி கேட்கும் கூற்று. கேட்பதற்கு இது மனிதாபிமானமாகவே தோன்றும். ஆனால் இத்துறையின் வரலாறு இக்கூற்றைப் பொய்ப்பிக்கின்றது.

வியட்நாம் யுத்தத்தின் அனுபவத்தைத் தொடர்ந்து, காலையும் வயிற்றையும் சுற்றி இறுக்கும் காற்றடைத்த கால்சட்டை ஒன்று அமெரிக்க நோயாளர் காவு வண்டிகளில் பெருவழக்காயிற்று. குருதியிழந்தவனின் கால்களை இறுக்கினால் எஞ்சிய குருதி இதயத்தையும் மூளையையும் சென்றடையும் என்பது அதன் தத்துவம். தத்துவம் அழகானது, ஆகவே பல மாநிலங்களில் அக்கருவி வண்டியில் இருந்தேயாக வேண்டும் எனச் சட்டமும் இயற்றினர். 1989இல் ஹியூஸ்ரன் நகரில் 911 நோயாளரிடையே எழுமாற்று முறையில் அதனைச் சோதித்தபோது, கால்சட்டை அணிவிக்கப்பட்டோரில் 31 சதவீதத்தினரும் அணிவிக்கப்படாதோரில் 25 சதவீதத்தினரும் இறந்தமை வெளியாயிற்று. சட்டம் கட்டாயப்படுத்திய கருவி காக்கவில்லை, கேடே செய்தது.

ஒட்சிசனை எடுத்துக்கொள்வோம். மூச்சுத் திணறுபவனுக்கு ஒட்சிசனை எவ்வளவு கொடுத்தாலும் நன்மையே என்பது வண்டிப் பணியாளரின் பழைய நம்பிக்கை. 2010இல் தஸ்மேனியாவில் 405 நோயாளரைக் கொண்டு நடந்த ஆய்வு, நாட்பட்ட சுவாசநோய் உடையோர் எனக் கருதப்பட்டவர்களுக்கு அளவின்றி ஒட்சிசன் கொடுத்தபோது 9 சதவீதத்தினர் இறந்தனர் என்றும், அளந்து கொடுத்தபோது 4 சதவீதத்தினரே இறந்தனர் என்றும் காட்டிற்று. மருந்து மாறவில்லை, வண்டியும் மாறவில்லை. அளவு ஒன்றை அறிந்தமையே உயிர்களைக் காத்தது.

அதிரினலினின் கதை இன்னும் சிந்திக்கத்தக்கது. இதயம் நின்றவருக்கு அதிரினலின் ஏற்றுவது பல தசாப்தங்களாக உலகெங்கும் கேள்விக்கிடமற்ற வழக்கமாக இருந்தது. பிரித்தானியாவில் 8,014 நோயாளரிடையே, மருந்தையும் உப்புநீரையும் எழுமாற்றாகக் கொடுத்து நடத்திய சோதனையின் முடிவு 2018இல் வெளிவந்தது. முப்பது நாட்கள் உயிர்வாழ்ந்தோர் அதிரினலின் பெற்றவர்களில் 3.2 சதவீதம்; பெறாதவர்களில் 2.4 சதவீதம். ஆனால் பிழைத்தவர்களுள் மூளை கடுமையாகச் சிதைந்தோர் முதற் பிரிவில் 31 சதவீதமாகவும் மற்றதில் 17.8 சதவீதமாகவும் இருந்தனர். இவ்வுண்மையை எவ்வாறு எடைபோடுவது என்பதில் கருத்து வேற்றுமை இருக்கலாம். ஆனால் இவ்வெண்கள் இல்லாதிருந்த காலத்தில் எடைபோடுவதற்கே எதுவும் இருக்கவில்லை என்பதில் கருத்து வேற்றுமைக்கு இடமேது?

இம்மூன்று உதாரணங்களும் ஒன்றையே உணர்த்துகின்றன. ஆராயாமல் செய்யும் சிகிச்சையும் ஒரு பரிசோதனையே. முடிவை எவரும் குறித்துக்கொள்ளாத பரிசோதனை. அத்தகைய பரிசோதனைக்கு நம் மக்களை நாள்தோறும் உட்படுத்திக்கொண்டு, ‘ஆய்வு செய்யப் பணமில்லை’ என்று கூறுவது எவ்வகை நியாயம்?

பிறர் கண்ட விடை போதுமா?

‘அப்படியாயின் அந்நாட்டார் கண்ட முடிவுகளை நாம் பின்பற்றினால் போதுமே, நாம் ஏன் பணத்தைக் கொட்டவேண்டும்?’ என்பது அடுத்த ஆட்சேபம். மருத்துவ அறிவு உலகப் பொதுவுடைமை. பிறர் கண்டதைப் பின்பற்றுவதில் இழிவு எதுவுமில்லை. ஆனால் நம்முடைய வினாக்களைப் பிறர் கேட்கமாட்டார்கள். இலண்டனில் வண்டி ஓட்டுபவன் பாம்புக்கடியை எங்கே காண்பான்?

மேலே கூறிய அதே அதிரினலினைப் பற்றி நம் நாட்டில் எழுந்த வினா முற்றிலும் வேறானது. பாம்புக்கடிக்கு ஏற்றப்படும் எதிர்விஷம் பலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்குகின்றது. அதனைத் தடுக்க முன்கூட்டியே எம்மருந்தைக் கொடுக்கலாம்? இலங்கை மருத்துவர்கள் 1,007 நோயாளரிடையே நடத்தி 2011இல் வெளியிட்ட சோதனை, சிறிய அளவு அதிரினலின் முதல் ஒரு மணி நேரத்தில் கடும் ஒவ்வாமையை 43 சதவீதத்தால் குறைக்கின்றது எனவும், வழக்கமாகக் கொடுக்கப்பட்டுவந்த ஏனைய இரு மருந்துகளால் பயனில்லை எனவும் நிலைநாட்டிற்று. இவ்விடையை எந்தச் செல்வந்த நாடும் நமக்குத் தேடித் தந்திராது.

அவ்வாறே, நஞ்சுண்டோருக்குத் திரும்பத் திரும்பக் கரித்தூள் கொடுப்பதால் பயனுண்டா என்ற வினாவுக்கு இலங்கை வைத்தியசாலைகளில் 4,632 நோயாளரிடையே நடந்த ஆய்வே 2008இல் விடை தந்தது. பயனில்லை என்பதே அவ்விடை. வைத்தியசாலைப் பதிவுகளை மட்டும் நம்பாமல் வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்த மற்றோர் ஆய்வு, 2012-13 காலப்பகுதியில் ஓராண்டுக்குள் நாட்டில் ஏறத்தாழ 80,500 பேரைப் பாம்பு கடித்திருக்கும் எனவும் 464 பேர் இறந்திருப்பர் எனவும் மதிப்பிட்டது. வைத்தியசாலையின் வாயிலில் நின்று எண்ணுபவன் வாயிலை அடையாதவனை எண்ணமாட்டான். வாயிலுக்கு வெளியே நடப்பதை அறியவேண்டுமானால் ஆய்வாளனும் வெளியே செல்லவேண்டும்.

நிலமும் நம்முடையது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் வரும் கர்ப்பிணிக்கு அந்தக் கடற்பயண நேரத்தில் என்ன செய்யலாம்? மலையகத்துத் தோட்டத்தில் வாகனம் ஏறமுடியாத ஒற்றையடிப் பாதையில் நோயாளியை எவ்வாறு இறக்குவது? வன்னியின் நெடுந்தூர வீதியில் குருதி பெருகுபவனுக்கு வண்டியிலேயே எம்மருந்தைக் கொடுக்கலாம்? குருதியுறைவைக் காக்கும் திரனெக்சாமிக் அமிலம் என்ற மலிவான மருந்தை, நாற்பது நாடுகளில் 20,211 காயமுற்றோரிடையே சோதித்து 2010இல் வெளிவந்த ஆய்வு, அது சாவைக் குறைக்கின்றது என நிறுவியது. முதல் மூன்று மணி நேரத்துள் கொடுத்தாலே அதனால் பயன் என்பது தொடர்ந்து தெளிவாயிற்று. அந்த மூன்று மணி நேரத்தில் எவ்வளவு நம் வீதிகளிலே கழிகின்றது என்பதை இங்குள்ளவரே அளந்து சொல்லவேண்டும்.

சேடம் என்ற சொல்

தமிழ்ச் சங்கத்தின் ஏட்டில் இதனை எழுதுவதற்குத் தனியான ஒரு காரணமும் உண்டு. அவசர சிகிச்சையின் முதற் கருவி சொல்லாகும். தொலைபேசியின் மறுமுனையில் பதறிக்கொண்டு பேசுபவரின் சொல்லைக் கேட்டே, இதயம் நின்றுவிட்டதா இல்லையா என்பதை அழைப்பை ஏற்பவர் தீர்மானிக்க வேண்டியுள்ளது. நின்றுவிட்டது என அறிந்தால், வண்டி வந்துசேரும்வரை நெஞ்சை எவ்வாறு அமுக்குவது என்பதை அவர் தொலைபேசியிலேயே சொல்லிக்கொடுக்கலாம். அமெரிக்காவின் சியாற்றில் பகுதியில் 1980களிலிருந்து இம்முறை வளர்க்கப்பட்டது. அங்கு ஆராய்ந்தவர்கள் ஒரு தடையைக் கண்டனர். இதயம் நின்றபின்னரும் சிறிது நேரம் பலருக்கு மூச்சு இழுத்து இழுத்து வரும். 1992இல் வெளிவந்த அவர்களது ஆய்வின்படி ஏறக்குறைய ஐந்தில் இருவருக்கு இந்நிலை காணப்பட்டது. அருகிலிருப்பவர் அதனை மூச்செனக் கருதி ‘மூச்சு இருக்கிறது’ என்பார், கேட்பவரும் நெஞ்சை அமுக்கச் சொல்லாது விடுவார், நோயாளி இறப்பார்.

இந்நிலைக்கு நமது வழக்கில் ‘சேடம் இழுத்தல்’ என்ற சொல் நெடுங்காலமாக உண்டு. நம் பாட்டிமார் அறிந்த சொல் அது. ஆனால் 1990ஐ அழைக்கும் ஒரு மகன் தந்தையின் நிலையை ‘சேடம் இழுக்குது’ என்பானா, ‘மூச்சு வாங்குது’ என்பானா, ‘கொறட்டை விடுற மாதிரி இருக்கு’ என்பானா? யாழ்ப்பாணத்தில் ஒரு சொல்லும் மட்டக்களப்பில் வேறொரு சொல்லும் மலையகத்தில் மற்றொன்றுமாக இருக்குமாயின், அழைப்பை ஏற்பவருக்கு எழுதிக்கொடுக்கும் வினாக்கொத்தில் எதனைச் சேர்ப்பது? சிங்களத்தில் பேசுபவர் தமிழில் வரும் அழைப்பை ஏற்கும்போது எத்தனை நொடிகள் வீணாகின்றன? இவ்வினாக்களுக்கு ஆங்கிலத்தில் விடை தேடமுடியாது. மொழியியல் மாணவர் ஒருவரும் இளம் வைத்தியர் ஒருவரும் அழைப்பு ஒலிப்பதிவுகளுடன் ஓராண்டு அமர்ந்திருந்தால் விடை கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் பிஷ் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார் என்று நாம் விழாத்தோறும் பெருமை பேசுகின்றோம். உயிர்காக்கும் ஒரு தொலைபேசி உரையாடலுக்கான தமிழை ஆராய ஒருவருக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுக்க முன்வராத நமக்கு அப்பெருமை பேசும் தகுதி உண்டா?

ஏன் இளையோருக்கு?

ஆய்வுக்கு நிதி வேண்டும் என்பதை ஏற்போரும், அதனை அனுபவமிக்க பேராசிரியர்களிடம் கொடுப்பதே பாதுகாப்பானது என வாதிடுவர். பழமையான துறைகளுக்கு இவ்வாதம் பொருந்தலாம். ஆனால் இது இளமையான துறை. அவசர மருத்துவம் நம் நாட்டில் தனி நிபுணத்துவமாக உருப்பெற்றது அண்மைக் காலத்திலேயே. இத்துறையில் முதியோர் மிகச் சிலர். வினாவைக் கண்ணாற் காண்பவர் இரவு இரண்டு மணிக்கு வண்டியின் பின்பகுதியில் குந்தியிருக்கும் இளைஞரே. வள்ளுவரும் மருத்துவத்தின் கூறுகளை நான்காக வகுத்தபோது, நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிலிருந்து பணிசெய்பவனையும் சேர்த்தே எண்ணினார். நம் ஆய்வுக் குழுக்கள் அந்த நான்காமவனை எண்ணுவதில்லை.

இத்துறையின் வரலாற்றை நோக்குக. வைத்தியசாலையை நோயாளியிடம் கொண்டுசெல்லலாம் என்று 1966இல் பெல்பாஸ்ற் நகரில் காட்டியவர் பன்ரிட்ஜ் எனப் புகழப்படுகின்றார், தகும். ஆயினும் பழைய வண்டி ஒன்றில் கார் மின்கலங்களால் இயங்கிய, 70 கிலோ எடையுள்ள மின்னதிர்ச்சிக் கருவியோடு நடந்த அம்முயற்சியில் தோள்கொடுத்து, 1967இல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரையில் இணை ஆசிரியராக விளங்கியவர் கெடிஸ் என்ற இளநிலை வைத்தியர். பிற்ஸ்பேர்க் நகரில் வேலையற்ற கறுப்பின இளைஞர்களைக் கொண்டு 1967இல் உருவான பிரீடம் ஹவுஸ் வண்டிச் சேவையின் பயிற்சியைச் செம்மைப்படுத்தி, அமெரிக்கா முழுவதற்கும் பாடத்திட்டம் வகுத்தவர் நான்சி கரோலின். அப்பணியை ஏற்றபோது அவருக்கு வயது முப்பதளவே. அச்சேவை 1975இல் மூடப்பட்டு நகர நிர்வாகம் தனது சேவையைத் தொடங்கியபோது, அவ்விளைஞர்களுட் பலர் புறந்தள்ளப்பட்டனர். அறிவை உருவாக்கியோர் ஒருவர். அதன் பயனையும் பெயரையும் பெற்றோர் வேறொருவர். இதுவும் நாம் படிக்கவேண்டிய பாடமே.

நம் மண்ணின் உதாரணம் இன்னும் கசப்பானது. மஞ்சள் அலரி விதையை உண்டு உயிர்மாய்க்கும் அவலத்தை யாழ்ப்பாணத்திலிருந்து சரவணபவானந்தன், கணேசமூர்த்தி ஆகியோர் 170 நிகழ்வுகளைத் தொகுத்து 1988இல் வெளியிட்டனர். யுத்தம் சூழ்ந்த காலத்தில், வசதிகள் அருகிய சூழலில் செய்யப்பட்ட பணி அது. அதன்பின் அந்நஞ்சுக்கு எதிர்மருந்தைச் சோதித்து 2000ஆம் ஆண்டில் உலகறியச் செய்த ஆய்வில் முன்னின்றவர், 1990களில் இளைஞராக இங்கு வந்த பிரித்தானிய மருத்துவர் மைக்கல் எடில்ஸ்ரன். அவரைத் தாங்கியது வெல்கம் அறக்கட்டளை இளம் ஆய்வாளருக்கு வழங்கும் புலமைப்பரிசில். பின்னர் கரித்தூள் ஆய்வும், கொடிய கிருமிநாசினிகளைத் தடைசெய்தமை தற்கொலைச் சாவுகளைக் குறைத்தமை பற்றிய ஆய்வுகளும் அவரது பங்களிப்போடு வளர்ந்தன. அவற்றால் காப்பாற்றப்பட்டோர் நம் மக்களே. அவருக்கு நாம் நன்றியுடையோம். ஆனால் நம் கேள்வி இது: ஓர் இளைஞன் மீது நம்பிக்கை வைத்துச் சில ஆண்டுகள் சோறுபோட்டால் ஆயிரமாயிரம் உயிர்கள் காக்கப்படும் என்பது இலண்டனுக்குத் தெரிந்திருக்கிறது; அவ்விளைஞன் ஆராய வந்த நாட்டிற்கு அது ஏன் தெரியவில்லை?

தடை சொல்வோர்

‘2022இல் நாடு வங்குரோத்து நிலையை அடைந்தது; ஆய்வுக்கு ஏது பணம்?’ என்பர். நாடு ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது, நெருக்கடிக்கு முன்னரும், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கைச் சுற்றியே இருந்துவந்தது. ஆகவே வறுமை இங்கு புதிய காரணம் அன்று. வறிய நாடே எதை வாங்குவது, எதை வாங்காதிருப்பது என்பதை நுணுகி அறியவேண்டும். நெஞ்சை அமுக்கும் இயந்திரம் ஒன்றைப் பிரித்தானியாவில் 4,471 நோயாளரிடையே சோதித்து 2015இல் வெளியிட்ட முடிவு, அது மனிதக் கைகளை விடச் சிறந்ததன்று என்பதே. கனடாவின் ஒன்ராறியோவில், விரைந்து மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருந்த நகரங்களில், செலவுமிக்க உயர்நிலைச் சிகிச்சைப் பயிற்சியையும் சேர்த்துப் பார்த்தனர். இதயம் நின்றோரில் பிழைத்தவர் தொகை 5.0 சதவீதத்திலிருந்து 5.1 சதவீதமாகவே மாறிற்று என 2004இல் அறிவித்தனர். இவ்வாறான ஆய்வு ஒன்று தவிர்க்கும் வீண் கொள்வனவின் பெறுமதியோடு ஓர் இளம் ஆய்வாளரின் ஆண்டுச் சம்பளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

‘வண்டிப் பணியாளர் பட்டதாரிகள் அல்லர், அவர்களுக்கு ஆய்வு எங்கே தெரியும்?’ என்பது மேட்டுக்குடி மனப்பான்மையின் குரல். மூச்சுப்பாதையைத் திறப்பதற்குரிய இருவழிகளை ஒப்பிட்டு 9,296 நோயாளரிடையே பிரித்தானியாவில் நடந்து 2018இல் வெளிவந்த சோதனையை வீதியில் நடத்தியவர் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட வண்டிப் பணியாளர்களே. வட ஈராக்கிலும் கம்போடியாவிலும் கண்ணிவெடி நிறைந்த கிராமங்களில் சாதாரண கிராமத்தவருக்கு முதலுதவி பயிற்றி, நோர்வே மருத்துவர்கள் 1997 முதல் 2001 வரை கணக்கெடுத்தபோது, காயமுற்றோரின் சாவு 40 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 15 சதவீதமாகக் குறைந்தது. எழுத்தறிவு குறைந்தோரும் பங்குகொண்ட முயற்சி அது. கண்ணிவெடியை அறிந்த நம் வடபுலத்தார் இதனைப் பிறர் சொல்லித்தான் அறியவேண்டுமா?

‘நினைவிழந்தவனிடம் சம்மதம் பெறுவது எங்ஙனம்? இது ஒழுக்கநெறிக்கு முரண்’ என்பது நேர்மையான ஆட்சேபம், இதனை மதிக்கின்றோம். ஆனால் இதற்கு விடையுண்டு. சுயாதீனமான ஒழுக்கநெறிக் குழு முன்கூட்டியே ஆராய்தல், நோயாளியோ உறவினரோ பின்னர் சம்மதம் அளித்தல், தொடக்கத்திலேயே ஊராருக்கு அறிவித்தல் என்ற வழிமுறைகள் வளர்ந்துள்ளன. மேலும், இத்துறையின் முதல் வினாக்களுட் பெரும்பாலானவை எவர் உடலிலும் மருந்து ஏற்றத் தேவையற்றவை. பதிவேட்டை ஒழுங்காகப் படித்தாலே போதும்.

‘பணம் கொடுத்தால் படித்துவிட்டு வெளிநாடு ஓடிவிடுவர்’ என்பது கடைசி ஆயுதம். இன்று ஓடிக்கொண்டிருப்போர் ஆய்வுநிதி பெற்றதனால் ஓடவில்லை. தமது அறிவுக்கு இங்கு வேலையில்லை என்ற சோர்வும் அவர்களை விரட்டும் காரணங்களுள் ஒன்று. வினா கேட்பதற்கு இடமும் அதற்கு ஊதியமும் உள்ள நாட்டை விட்டுப் போகச் சிலராவது தயங்குவர்.

நாம் கோருவது

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. நோயாளர் காவு வண்டிச் சேவைக்கு ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் பணத்தில் நூற்றில் ஒரு பங்கு ஆய்வுக்கெனச் சட்டப்படி பிரித்துவைக்கப்படல் வேண்டும். அதில் பாதியேனும் ஆய்வைத் தொடங்கி ஐந்தாண்டுகளுக்கு உட்பட்டோருக்கே உரியதாதல் வேண்டும். கலாநிதிப் பட்டத்தையும் நிரந்தரப் பதவியையும் கேட்கும் விண்ணப்பப் படிவங்கள் இவர்கள் பொருட்டு மாற்றப்பட்டு, வண்டிப் பணியாளரும் தாதியரும் பட்டதாரி மாணவரும் விண்ணப்பிக்க வழிசெய்யப்படல் வேண்டும். நிதியென்பது கருவி வாங்கும் பணமாக மட்டுமன்றி, வாரத்தில் இரு நாட்களாவது கடமையிலிருந்து விடுவிக்கும் நேரமாகவும் வழங்கப்படல் வேண்டும். நேரமில்லாதவனுக்குக் கொடுத்த மானியம் பூட்டிய பெட்டியிலேயே கிடக்கும். பெயரும் அடையாளமும் நீக்கப்பட்ட சேவைப் பதிவுகள் வைத்தியசாலைப் பதிவுகளுடன் இணைக்கப்பட்டு, பல்கலைக்கழகங்கள் யாவற்றுக்கும் பாரபட்சமின்றித் திறந்துவிடப்படல் வேண்டும். கண்ட முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் மக்களுக்கு அறிவிக்கப்படல் வேண்டும்.

இக்கோரிக்கைகளை அரசை நோக்கி மட்டும் வீசிவிட்டு நாம் கைகட்டி நிற்பதற்கில்லை. பல்கலைக்கழகங்களும் இக்குற்றத்தில் பங்காளிகளே. வைத்தியசாலைச் சுவருக்கு உள்ளே நடப்பதே மருத்துவம் என்று மருத்துவபீடங்கள் கற்பிக்கின்றன. வீதி அவற்றின் பாடத்திட்டத்தில் ஓர் ஓரக்குறிப்பு. மொழித்துறையினர் இறந்தோரின் இலக்கியத்தை ஆராய்கின்றோம். இறந்துகொண்டிருப்பவனின் அருகில் நின்று பேசப்படும் மொழி நமக்கு ஆய்வுப்பொருளாகத் தோன்றவில்லை. புள்ளிவிபரவியல், புவியியல், பொறியியல் மாணவர் யாவருக்கும் இத்துறையில் வேலையுண்டு. எந்தச் சந்தியில் வண்டியை நிறுத்தினால் எத்தனை நிமிடம் மிஞ்சும் என்பதைக் கணக்கிட மருத்துவப் பட்டம் தேவையில்லை.

நம் வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் விபத்தில் இறக்கின்றனர். இவர்களுள் எத்தனை பேர் காப்பாற்றப்பட்டிருக்கக் கூடியவர்கள் என்று கேட்டால், பொறுப்புள்ள எந்த அதிகாரியும் அண்ணளவாகவேனும் விடைகூற முடியாத நிலையிலேயே இருக்கின்றோம். அவ்விடையைத் தேடப் புறப்படும் இளைஞரிடம், ‘முதலில் பெயர் எடுத்து வா, பிறகு பணம் தருகிறோம்’ என்று சொல்லுகின்றோம். அவர் பெயர் எடுக்கும்வரை வீதியில் கிடப்பவன் காத்திருப்பானா என்பதை நிதிக்குழுக்களில் அமர்ந்திருக்கும் பெரியோர் சிந்திப்பார்களாக.